எதைத் தள்ளிக்கொண்டு போகிறது? – 28 ஆண்டுகள் பிந்திய ஒரு பதில்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், பாடசாலை மண்டபத்தில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.)

 

என்னைப் பேச அழைத்தபோது, "டொக்டர், பெண்களின் ஆரோக்கியம் பற்றிப் பேசுங்கள்" என்றுதான் சங்கச் செயலாளர் கேட்டார். நீரிழிவு, இரத்த அழுத்தம், இரும்புச்சத்துக் குறைவு எல்லாவற்றையும் பற்றி நான் தினமும் பேசுகிறேன். இன்று ஒரு நாளைக்கு என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இந்த மண்டபத்துக்குப் பக்கத்திலுள்ள வகுப்பறை ஒன்றில் எனக்கு ஒரு கடன் இருக்கிறது. அதை இங்கே வைத்துத்தான் தீர்க்க வேண்டும்.

1995ஆம் ஆண்டு. நாங்கள் ஆண்டு பத்தில் இருந்தோம். எங்கள் பகுதியில் அது எப்படிப்பட்ட காலம் என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். பாடசாலை நடக்கும் நாளும் உண்டு, நடக்காத நாளும் உண்டு. ஆசிரியர் வர முடியாத நாட்களில் விஞ்ஞானக் குறிப்பை வாசித்துச் சொல்லும் வேலை எனக்கு. வகுப்பில் முதலாம் பிள்ளை என்ற பெருமை வேறு. அன்றைக்கு நியூட்டனின் மூன்றாம் விதி. "ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமும் எதிருமான மறுதாக்கம் உண்டு. உதாரணம்: ரொக்கெட்" என்று வாசித்தேன். எல்லோரும் எழுதினார்கள். பின்வாங்கில் இருந்த ஒருத்தி மட்டும் பேனையை வைத்துவிட்டுக் கேட்டாள்:

"மேல போனாக் காத்தே இல்ல எண்டு போன கிழமதானே படிச்சம். அப்ப அது எதத் தள்ளிக்கிட்டுப் போகுது?"

எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "பின்னால வாற நெருப்பு காத்தத் தள்ளும்." அவள் விடவில்லை. "காத்துத்தான் இல்லையேகா!" நான் கொப்பியைப் பார்த்துக்கொண்டே, "இதெல்லாம் பரீட்சைக்கு வராது, எழுது புள்ள" என்றேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு அந்த வருடம் முழுவதும் அவள் ஒரு கேள்வியும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. சாதாரண தரப் பரீட்சையோடு அவள் படிப்பு நின்றது. அதற்கு வீட்டு நிலைமை காரணம், என் பேச்சுக் காரணமல்ல என்று பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2023 செப்டெம்பர் 2ஆம் திகதி, சனிக்கிழமை. என் தனியார் கிளினிக்குக்குக் காய்ச்சலோடு தன் கடைசி மகளைக் கூட்டிக்கொண்டு அவள் வந்தாள். அன்று முற்பகல் 11.50க்குத்தான் இந்தியா சிறிஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா எல்-1 விண்கலத்தை அனுப்பியிருந்தது. காய்ச்சலிலும் அந்தப் பிள்ளை கைபேசியில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மருந்து எழுதும்போது இவள் சிரித்துக்கொண்டு சொன்னாள்: "டொக்டராகிட்டாய். இப்பவாவது சொல்லுகா, எதத் தள்ளிக்கிட்டுப் போகுது?"

"தாக்கம், மறுதாக்கம்" என்று தொடங்கினேன். மகள் தலையை நிமிர்த்தி, "எதில தாக்குது டொக்டர்?" என்றது. தாயின் அதே கேள்வி. எனக்கு அப்போதும் பதில் தெரியாது. நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். பௌதிகவியலில் நல்ல புள்ளி எடுத்தவள். சூத்திரம் தெரியும், விளக்கம் தெரியாது. "அடுத்த முறை சொல்றன்" என்றேன். "அடுத்த முற எண்டு இருவத்தெட்டு வருஷம்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

அன்றிரவே தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தபோது கிடைத்த முதல் ஆறுதல், இந்தப் பிழையை விட்டவள் நான் ஒருத்தி மட்டுமல்ல என்பது.

றொபேர்ட் கொடார்ட் என்ற அமெரிக்கப் பௌதிகப் பேராசிரியர், ரொக்கெட்டைச் சந்திரன் வரைக்கும் அனுப்பலாம் என்று 1919இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுதினார். 1920 ஜனவரி 13ஆம் திகதி நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை ஆசிரியத் தலையங்கத்தில் அவரைக் கிண்டலடித்தது. வெற்றிடத்தில் எதிர்த்து உதைக்க ஒன்றுமில்லையே, பாடசாலைப் பிள்ளைக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியவில்லையே என்பதுதான் அதன் சாரம். கொடார்டோ அதற்கு முன்பே, காற்றை உறிஞ்சியெடுத்த குழாய்க்குள் சிறிய ரொக்கெட் அறைகளை வெடிக்க வைத்து, அங்கேயும் உதைப்புக் கிடைக்கிறது என்று அளந்து பார்த்திருந்தார். 1926 மார்ச் 16இல் உலகின் முதலாவது திரவ எரிபொருள் ரொக்கெட்டைப் பறக்கவிட்டவரும் அவர்தான். அந்தப் பத்திரிகை தன் பிழையைத் திருத்தியது 1969 ஜூலை 17ஆம் திகதி. அப்போது அப்போலோ 11 சந்திரனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கொடார்ட் மௌத்தாகி ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தத் திகதியைப் படித்தபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. நான் பதில் சொல்ல வேண்டியவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள். பக்கத்து ஊரில்தான் இருக்கிறாள்.

பதிலை இப்போது சொல்கிறேன். என் மூத்தாப்பாவின் துவக்கிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் குடும்பத்துக்குச் சாகாமத்தில் வயல் இருந்தது. குழப்பங்களுக்கு முந்திய காலத்தில் வேளாண்மைக் காவலுக்கு மூத்தாப்பா பரணில் தங்குவார். யானை இறங்கினால் அதை விரட்ட வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்பார். தோளில் சால்வையை மடித்து வைத்துக்கொண்டுதான் சுடுவார். அப்படியிருந்தும் காலையில் அவரது தோள் நீலம் பாய்ந்திருக்கும். மூத்தம்மா வென்னீர் ஒத்தடம் கொடுப்பா. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். துவக்கிலிருந்து போன சன்னம் எதில் பட்டது? ஒன்றிலும் படவில்லை. வெறும் வானத்துக்குள் போனது. பிறகு மூத்தாப்பாவின் தோளை உதைத்தது எது? சன்னம் எதிலாவது போய் மோதிய பிறகு அந்த உதை திரும்பி வரவில்லை. துவக்கு சன்னத்தை முன்னே தள்ளிய அந்தக் கணத்திலேயே, சன்னம் துவக்கைப் பின்னே தள்ளிவிட்டது. கணக்கு அந்த இரண்டுக்கும் இடையில் அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு சன்னம் மரத்தில் பட்டால் என்ன, படாமல் போனால் என்ன, தோளுக்கு வித்தியாசமில்லை.

ரொக்கெட்டும் அப்படித்தான். அது வெளியிலுள்ள எதையும் தள்ளுவதில்லை. தான் சுமந்துகொண்டு போகும் எரிபொருளைத்தான் தள்ளுகிறது. எரிந்து வாயுவாகிய அந்த எரிபொருள் திருப்பி ரொக்கெட்டைத் தள்ளுகிறது.

எந்த இடத்தில் தள்ளுகிறது என்று அந்தப் பிள்ளை கேட்டது. நாலு பக்கமும் அடைத்த ஓர் இரும்பு அறையை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் எரிபொருள் எரிகிறது. சூடான வாயு எல்லாச் சுவர்களையும் ஒரே அமுக்கத்தோடு தள்ளுகிறது. இடச்சுவர் மீதான தள்ளலை வலச்சுவர் மீதான தள்ளல் சரிக்கட்டிவிடும். முன்சுவருக்குப் பின்சுவர் சரி. அறை அசையாது. இப்போது பின்சுவரில் ஒரு துளை போடுங்கள். அந்தத் துளை இருக்கும் இடத்தில் வாயு தள்ளுவதற்குச் சுவரில்லை. அது வெளியே பாய்ந்துவிடுகிறது. ஆனால் அதற்கு நேரெதிரே முன்சுவர் அப்படியே இருக்கிறது. அதன் மீதான தள்ளலைச் சரிக்கட்ட இனி யாருமில்லை. அந்த மிச்சத் தள்ளல்தான் ரொக்கெட்டை முன்னே கொண்டுபோகிறது. ரொக்கெட் தள்ளப்படுவது உள்ளே இருந்து. வெளியே காற்று இருக்கிறதா, இல்லையா என்பது அந்த முன்சுவருக்குத் தெரியாது. பின்னால் புனல் போல விரிந்திருக்கிறதே, அதுவும் சும்மா இல்லை. விரிந்துகொண்டே போகும் வாயு அந்தப் புனலின் சரிந்த சுவரையும் தள்ளுகிறது. அதனால் உதைப்பு இன்னும் கூடும்.

இவ்வளவையும் என்னால் தாளில் கீற முடிந்தது. ஆனால் தாளைக் காட்டி அவளை ஏமாற்ற எனக்கு மனமில்லை. அதே மாதக் கடைசியில் ஒரு போயா விடுமுறைக்குத் தாயையும் மகளையும் சாகாமக் குளத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சிறுபோக அறுவடை முடிந்த நேரம். குளத்தில் தண்ணீர் இறங்கியிருந்தது. கரையோரம் முழங்கால் அளவுதான். மீன்பிடிக்கிற ஒருவரிடம் சின்னத் தோணி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பிள்ளையை அதில் இருத்தினோம்.

முதலில் துடுப்பைக் கொடுத்தோம். பிள்ளை வலித்தது, தோணி போனது. "இப்ப எதத் தள்ளினாய்?" "தண்ணிய." சரி. விமானமும் இப்படித்தான், அது வெளியிலுள்ள காற்றைத் தள்ளிப் போகிறது. காற்றில்லாத இடத்தில் அதற்கு வேலையில்லை. பிறகு துடுப்பை வாங்கிக்கொண்டு ஏழெட்டு உரிக்காத தேங்காய்களைத் தோணிக்குள் போட்டோம். "தண்ணியத் தொடாத. ஒவ்வொண்டா இரண்டு கையாலயும் பின்பக்கமா எறி." முதல் தேங்காய்க்குத் தோணி மெல்ல அசைந்தது. இரண்டாவது, மூன்றாவதுக்கு முன்னே நகரத் தொடங்கியது. பிள்ளைக்குச் சிரிப்பு.

கரையில் நின்ற தாய் சிரிக்கவில்லை. அவள் தேங்காயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது தேங்காய் கையை விட்டுப் போனதும் சொன்னாள்: "தேங்கா தண்ணில விழ முந்தியே தோணி அசைஞ்சிட்டு. அப்ப அது விழுற இடத்தில தண்ணி இல்லாட்டியும் தோணி போகும்."

நான் இரண்டு வாரம் படித்து விளங்கியதை அவள் நாலு தேங்காயில் கண்டுபிடித்துவிட்டாள். நியூட்டன் 1687இல் எழுதிய மூன்றாம் விதி அதுதான். நான் வாசித்துக் கொடுத்தேன், அவள் அன்றைக்கே விளங்கியிருப்பாள், யாராவது ஒரு தேங்காயைக் கையில் கொடுத்திருந்தால்.

அதோடு அவள் நிற்கவில்லை. 28 வருடம் அடைத்து வைத்த வாய்க்கால் திறந்தது மாதிரி அடுத்தடுத்துக் கேட்டாள். அந்தக் கேள்விகளை ஒழுங்காகச் சொல்கிறேன். நான் கேட்ட எந்த விரிவுரையையும் விட அவை நல்ல ஒழுங்கில் வந்தன.

முதல் கேள்வி: "காத்து இல்லாட்டி நெருப்பு எப்படி எரியும்?" எரிவதற்கு ஒட்சிசன் வேண்டும். அதையும் ரொக்கெட் தன்னோடு கொண்டு போகிறது. மோட்டார் சைக்கிள் எரிபொருளை மட்டும் சுமக்கும், ஒட்சிசனைப் போகிற வழியில் காற்றிலிருந்து எடுக்கும். ரொக்கெட் இரண்டையும் சுமக்கும். ஆதித்யாவின் இயந்திரத்திலுள்ள இரண்டு திரவங்களில் ஒன்று எரிபொருள். மற்றது நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்த ஒரு திரவம். இரண்டும் ஒன்றையொன்று தொட்டவுடனேயே தீப்பற்றிவிடும். தீக்குச்சியும் வேண்டாம், காற்றும் வேண்டாம்.

இரண்டாவது: "அப்ப காத்து இருந்தா நல்லமா, இல்லாட்டி நல்லமா?" இல்லாவிட்டால்தான் நல்லது. வெளியிலுள்ள காற்று ரொக்கெட்டை முன்னே போகவிடாமல் தடுக்கிறது. அதோடு புனல் வாயில் வெளியே வரும் வாயுவையும் எதிர்த்து அமுக்குகிறது. சந்திரனுக்கு மனிதரைக் கொண்டுபோன சற்றேர்ன் 5 ரொக்கெட்டின் எஃப்-1 இயந்திரம், கடல்மட்டத்தில் கொடுத்ததை விட வெற்றிடத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 15 வீதம் கூடுதல் உதைப்பைக் கொடுக்கக் கூடியது. காற்றில்லாவிட்டால் ரொக்கெட் நின்றுபோகும் என்று ஆண்டு பத்தில் நான் சொன்னதற்கு நேர்மாறான உண்மை இது.

மூன்றாவது: "எறியத் தேங்கா முடிஞ்சா?" இதுதான் பெரிய கேள்வி. முடிந்தால் உதைப்பும் முடிந்தது. ஆனால் வெற்றிடத்தில் தடுப்பதற்கு எதுவும் இல்லாததால், அதுவரை சேர்த்த வேகம் குறையாமல் இருக்கும். குளத்துத் தண்ணீர் தோணியைப் பிடித்து நிறுத்திவிடுவது மாதிரி அங்கே யாரும் நிறுத்த மாட்டார்கள். கூடுதல் வேகம் வேண்டுமென்றால் கூடுதல் தேங்காய் ஏற்ற வேண்டும். கூடுதல் தேங்காய் ஏற்றினால் தோணி பாரம். அந்தத் தேங்காயைச் சுமக்கவே இன்னும் தேங்காய் வேண்டும். இந்தக் கணக்கைச் சூத்திரமாக்கி 1903இல் வெளியிட்டவர் ரஷ்யாவின் கொன்ஸ்தந்தீன் சியொல்கோவ்ஸ்கி. பத்து வயதளவில் செங்காய்ச்சல் வந்து காது கேட்காமல் போனதால் பாடசாலைப் படிப்பை இழந்தவர். தானாக நூலகத்தில் படித்து, கலூகா என்ற சிறு நகரத்தில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியராக இருந்துகொண்டே இந்தக் கணக்கைப் போட்டார். அவரது கணக்கின் கடுமையைப் பாருங்கள்: ஆதித்யாவைச் சுமந்து சென்ற பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் தரையில் நிற்கும்போது ஏறத்தாழ 320 தொன். அது விண்ணில் கொண்டுபோய் விட்ட ஆதித்யா ஒன்றரைத் தொன் கூட இல்லை. மிச்சமெல்லாம் எறிவதற்கான தேங்காயும், தேங்காய் முடிந்ததும் கழற்றிப் போடும் கூடைகளும்தான்.

நாலாவது: "நிப்பாட்டுறது எப்படி?" தோணியை நிறுத்த முன்பக்கமாகத் தேங்காய் எறிய வேண்டும். அதற்குச் சில கிழமைகளுக்கு முன்புதான், 2023 ஓகஸ்ட் 23ஆம் திகதி பின்னேரம் சந்திரயான் 3 சந்திரனில் இறங்கியது. சந்திரனில் காற்றில்லை, பரசூட் விரியாது. இயந்திரங்களைப் போகும் திசைக்கு எதிராக இயக்கி, செக்கனுக்கு ஒன்றரைக் கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தைச் சுமார் 19 நிமிடத்தில் குறைத்துத்தான் இறக்கினார்கள்.

ஒரு வைத்தியராக என் பங்குக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மறுதாக்கம் நம் ஒவ்வொருவரின் உடலிலும் நிமிடத்துக்கு எழுபது தடவை நடக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் சுமார் 70 மில்லிலீற்றர் இரத்தத்தை மேல்நோக்கி எறிகிறது. அப்போது உடல் மிக மெல்லியதாகக் கீழ்நோக்கி உதைக்கப்படுகிறது. முள் வைத்த பழைய நிறைத் தராசில் மூச்சை அடக்கி அசையாமல் நின்று பாருங்கள், முள் நாடித்துடிப்போடு சேர்ந்து இலேசாக ஆடும். இங்கிலாந்தின் ஜே. டபிள்யூ. கோர்டன் என்பவர் 1877இலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். 1930களின் இறுதியில் ஐசக் ஸ்டார் என்ற அமெரிக்க வைத்தியர், நோயாளியை மெல்லிய அசைவுக்கும் இடம்கொடுக்கும் தொங்கு கட்டிலில் படுக்க வைத்து, அந்த ஆட்டத்தைப் பதிவு செய்து இதயத்தின் வலுவை அளந்தார்.

அப்படியென்றால் நாம் ஏன் ரொக்கெட் போலப் பறப்பதில்லை? நமது இரத்தம் நம்மை விட்டுப் போவதில்லை. மேலே எறியப்பட்டது பெருநாடியின் வளைவில் திரும்பி மறுபடியும் நம்மையே வந்து தள்ளுகிறது. கணக்கு பூச்சியம். நாம் அசைகிறோம், இடம் பெயர்வதில்லை. தோணிக்குள் முன்னுக்கு ஒருத்தியும் பின்னுக்கு ஒருத்தியும் இருந்துகொண்டு தேங்காயை எறிந்து பிடித்து விளையாடினால் தோணி ஆடும், போகாது. போக வேண்டுமென்றால் எறிந்ததை விட்டுவிட வேண்டும். ரொக்கெட் தன்னில் ஒரு பகுதியை இழந்துதான் முன்னே போகிறது.

இப்போது ஆதித்யாவுக்கு வருகிறேன். அதன் இலக்கு, பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஓர் இடம். அங்கே இருந்தால் மறைப்பு ஏதுமின்றிச் சூரியனை எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கலாம். பி.எஸ்.எல்.வி. அதைப் பூமியைச் சுற்றும் ஒரு நீள்வட்டப் பாதையில்தான் விட்டது. மிச்ச வழியை ஆதித்யா தன் சொந்த இயந்திரத்தால் போக வேண்டும். அந்த இயந்திரத்தின் உதைப்பு 440 நியூட்டன். கேட்க ஏதோ பெரிதுபோல் இருக்கும். நம் ஊர்க் கணக்கில் 45 கிலோ பாரத்தைத் தாங்கும் உதைப்பு, ஒரு சீமெந்துப் பையைக் கூடத் தூக்க முடியாது. செக்கனுக்கு ஏறத்தாழ 3 கிலோமீற்றர் வேகத்தில் அது எறியும் வாயு, செக்கனுக்கு நூற்றைம்பது கிராம் வரைதான், ஒரு தேநீர்க் கோப்பை அளவு. தரையில் ஆதித்யாவை அது ஓர் அங்குலம் தூக்காது. வெற்றிடத்தில் அதே உதைப்பு ஒவ்வொரு செக்கனும் வேகத்தில் செக்கனுக்கு 30 சென்றிமீற்றரைச் சேர்த்துக்கொண்டே போகும். சேர்த்தது கரையாது. செப்டெம்பர் 3, 5, 10, 15 ஆகிய நாட்களில் அந்த இயந்திரத்தை இயக்கிப் பாதையை விரித்து, 19ஆம் திகதி அதிகாலையில் பூமியை விட்டு அனுப்பினார்கள். 2024 ஜனவரி 6ஆம் திகதி ஆதித்யா தன் இடத்தை அடைந்தது. அங்கே முதலாவது சுற்றை முடிக்க 178 நாள் எடுத்து, ஜூலை 2ஆம் திகதி முடித்தது. இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாக வாயுவை எறிந்துதான் பாதை தவறாமல் இருக்கிறது. ஏறத்தாழ வெற்றிடம், எறிவதற்குக் கையில் உள்ளதைத் தவிர அங்கே வேறொன்றுமில்லை.

இந்தத் திட்டத்தின் பணிப்பாளராக இருந்தவர் நிகார் ஷாஜி. தமிழ்நாட்டில், தென்காசிக்குப் பக்கத்துச் செங்கோட்டையில் ஒரு விவசாயியின் மகளாகப் பிறந்தவர். நம்மைப் போலத் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம். படித்தது செங்கோட்டையிலுள்ள பெண்கள் அரசுப் பாடசாலையில். பிறகு திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி, அதன்பின் ராஞ்சிக்கு அருகே மேஸ்ராவில் முதுகலைப் படிப்பு. 1987இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். ராமேஸ்வரத்து அப்துல் கலாம் அவர்களைப் பற்றி நம் வீடுகளில் ஆண்பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்கிறோம், நல்லது. செங்கோட்டைப் பெண்பிள்ளையைப் பற்றிப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா? குளக்கரையில் இதைச் சொன்னபோது என் தோழி மகளைப் பார்த்து, "கேட்டியா, வயல் செய்யிறவர்ர மகள்தானாம்" என்றாள். அவள் கணவரும் சாகாமத்தில்தான் வேளாண்மை செய்கிறார்.

அன்று திரும்பும் வழியில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு?" என்றாள். ஆண்டு பத்தில் நான் சொன்ன வசனத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தாள். "பரீட்சைக்கு வராத எண்டு நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. அதுக்குப் பிறகு எல்லாத்தையும் அப்படித்தான் நினைச்சன், இது எனக்கு வராத, அது எனக்கு வராத எண்டு." அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அவள் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறாள். பெயர் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள், சொல்ல மாட்டேன். அவள் அனுமதித்ததால்தான் இவ்வளவும் சொன்னேன்.

இனி உங்களிடம் இரண்டு வேண்டுகோள். நூற்றாண்டுக்காக வாயிற்கோபுரம், நினைவுப் படிகம் என்று பலதும் செய்கிறோம், செய்வோம். அதோடு சேர்த்து விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கு ஒரு மணிச்சாடியும், காற்றை உறிஞ்சும் கைப்பம்பும், உருளும் சிறு வண்டிகள் நாலும் வாங்கிக் கொடுப்போம். எங்கள் வகுப்புத் தோழிகள் ஒன்றுசேர்ந்து அதை ஏற்றுக்கொண்டிருக்கிறோம். வெற்றிடம் என்றால் என்ன என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.

இரண்டாவதுக்குப் பணம் தேவையில்லை. ஆய்வுகூடத்தில் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறோம். பரீட்சைக்கு வராத கேள்விகளுக்கான கொப்பி. எந்த மாணவியும் தனக்குத் தோன்றியதை அதில் எழுதலாம், பெயர் எழுதத் தேவையில்லை. மாதம் ஒரு முறை அந்தப் பக்கங்களைப் படமெடுத்துச் சங்கத்தின் மூலம் உங்களுக்கு அனுப்புவோம். கொழும்பில், லண்டனில், டோஹாவில், மெல்பனில் இருக்கும் ராத்தாமாரே, அக்காமாரே, உங்களில் பொறியியலாளர் இருக்கிறீர்கள், ஆசிரியைகள் இருக்கிறீர்கள், கணக்காளர், தாதி, தையல் தொழில் செய்பவர், நாலு பிள்ளைகளை வளர்த்தவர் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்ததை எளிய தமிழில் எழுதி அனுப்புங்கள். தெரியாவிட்டால் "தெரியாது, தேடிச் சொல்கிறேன்" என்று எழுதுங்கள். நான் 1995இல் சொல்லத் தவறிய வசனம் அதுதான்.

கொப்பியின் முதல் பக்கத்தை நேற்று மாலை என் தோழி தன் கையாலேயே எழுதினாள். "மேலே காற்று இல்லை என்றால் ரொக்கெட் எதைத் தள்ளிக்கொண்டு போகிறது?" அதன் கீழ் பதிலையும் அவளே எழுதியிருக்கிறாள். மூன்று வரி. என்னுடைய இந்த உரையை விட அது தெளிவாக இருக்கிறது. போகும்போது ஆய்வுகூடத்துக்குள் எட்டிப் பார்த்து வாசித்துவிட்டுப் போங்கள்.